கடலோர மனையா, காட்பாடிப் பக்க மனையா, சத்துவாச்சாரி பழைய வீடா?

பி.எஃப். பணம் வந்தாயிற்று, அல்லது சீட்டு எடுத்தாயிற்று. ஒரு பத்து லட்சம் கையில் நிற்கிறது, சொந்த வீடு இல்லை. வேலூரில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால் மூன்று பக்கமிருந்தும் இழுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வேன் ஏற்றி, மதியச் சாப்பாடு போட்டு, செய்யூர், மரக்காணம் பக்கம் கடலோர மனை காட்டுகிறவர்கள் ஒரு பக்கம். காட்பாடியைத் தாண்டி திருவலம் ரோட்டில் புதிதாகப் போட்ட லேஅவுட்டைக் காட்டும் புரோக்கர் இன்னொரு பக்கம். "கூடக் கொஞ்சம் லோன் போட்டு ஊருக்குள்ளேயே பழைய வீடாப் பாருப்பா" என்று சொல்லும் மாமா மூன்றாவது.

மூன்றையும் நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன்: மாதா மாதம் கொடுக்கும் வாடகை எப்போது நிற்கும்? விலை ஏறுமா, ஏறாதா என்பது வேறு கணக்கு. அது பணம் மிச்சம் இருப்பவர்களின் கவலை.

கடலோர மனையைப் பார்ப்போம். நோட்டீஸில் "கடலிலிருந்து 300 மீட்டர்தான்" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வாங்குகிறவர் பயப்பட வேண்டியதே அந்த வரிக்குத்தான். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை சிஆர்இசட் எனப்படும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடத்துக்கு இடமில்லை என்பதுதான் 2011 அறிவிக்கை. 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கிராமங்களுக்கு மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. சரி, 300 மீட்டர் என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 200-லிருந்து 500 மீட்டர் வரை வீடு கட்ட இடம் விட்டிருப்பது மீனவக் குப்பங்கள் போல வழிவழியாக அங்கே வாழ்கிறவர்களின் உரிமையை மனதில் வைத்து. அதிலும் உயரம் 9 மீட்டர், தரைத்தளமும் ஒரு மாடியும், அவ்வளவுதான். வேலூரிலிருந்து போய் மனை வாங்கியவர் அந்த வரையறைக்குள் வருவாரா? விற்கிறவர் இதற்கு நேராகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

கடல் மட்டுமில்லை, அலை ஏறி இறங்கும் உப்பங்கழி ஓரத்துக்கும் இந்தச் சட்டம் உண்டு. மரக்காணம் பக்கம் உப்பளமும் கழிவெளியுமாக இருக்கும் நிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. டிடிசிபி எனப்படும் நகர ஊரமைப்புத் துறை தரும் லேஅவுட் அப்ரூவல் வேறு, கடலோர மண்டல அனுமதி வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்பதையும் பழைய பதிவேட்டில் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய நிலம் அது. மற்றவர் பெயருக்கு மாறியிருந்தால் இன்றைக்கும் வழக்கு வரும். வரவும் வேண்டும், அது அவர்களின் நிலம்.

இதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். அங்கே போய் எப்போது குடியிருக்கப் போகிறோம்? பஸ் மாறி மாறிப் போனால் அரை நாள் போய்விடும். வேலை இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே. மனைக்கும் பணம் போட்டு வாடகையும் கட்டிக்கொண்டே இருப்போம். பத்து வருஷம் கழித்துப் போனால் கல் நட்ட இடமே தெரியாமல் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும்.

அடுத்தது காட்பாடிப் பக்கத்து மனை. வளைவு கட்டி, மஞ்சள் வெள்ளைக் கல் நட்டு, மேலாகத் தார் ஊற்றியிருப்பார்கள். இதில் நான் விரட்டி விரட்டிக் கேட்கச் சொல்வது ஒரு விஷயம்: லேஅவுட் ரோடும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாயிற்றா? பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. அந்தத் தானப் பத்திரம் பதிவாகாமல் தெருவிளக்கும் தண்ணீர்க் குழாயும் கேட்டு யார் வாசலில் நிற்பது? "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். லேஅவுட்டுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியில்லா மனைகளுக்குத்தான் 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்குப் பின் புதிதாகப் பிரித்த அனுமதியில்லா மனைக்கு அந்தச் சலுகை இல்லை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணையும் கேளுங்கள்.

அப்புறம் தண்ணீர். நம் பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு செய்த கேடு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பானது. ஆகவே மனைக்குப் பக்கத்து போரிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதித்துப் பாருங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீர் லைன் எதுவரை வந்திருக்கிறது என்று தெருக்காரர்களையே கேளுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது அந்த இடத்தில் தண்ணீர் நின்றதா என்று டீக்கடையில் விசாரித்தால் போதும், உண்மையைச் சொல்லிவிடுவார்கள். இதிலெல்லாம் தேறிய மனை நல்ல மனைதான். வீடு கட்டப் பணம் சேரும்வரை வாடகை நிற்காது, ஆனால் நிற்கும் நாள் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, ஊருக்குள் சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பகுதியிலோ காந்தி நகரிலோ பழைய வீடு என்பது மூன்றிலும் விலை கூடியது. கடன் இல்லாமல் முடியாது. அதற்குக் காரணம் ஊரே சொல்லும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக பாபு ராவ் தெரு வட்டாரத்தில் வீடுகள் லாட்ஜாகிவிட்டன. விஐடி கல்லூரியைச் சுற்றி ஆளுக்கு இவ்வளவு என்று மாணவர்களுக்கு விடுகிறார்கள். ஒரு குடும்பம் கொடுக்க முடிகிற வாடகை அங்கே எடுபடாது. குற்றம் நோயாளிகள் மேலும் இல்லை, மாணவர்கள் மேலும் இல்லை. ஆனால் அந்த ஆஸ்பத்திரியிலும் கல்லூரியிலும் துப்புரவு வேலை பார்க்கிறவர்கள் வீடு தேடி ஊரைவிட்டுத் தள்ளிப் போவது எனக்கு ஆறவே இல்லை.

இருந்தாலும் இதில்தான் வாடகை அடுத்த மாதமே நிற்கிறது. வாடகைப் பணம் அப்படியே தவணைக்குப் போகும். பஸ் இருக்கிறது, பாதாளச் சாக்கடை வந்த தெருவா என்று பார்த்துக்கொள்ளலாம். வீடு பழசு, தளம் ஒழுகும், அதற்கும் ஒரு தொகை வேண்டும். பெரிய சிக்கல் பத்திரத்தில் வரும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்காத வீடு, கல்யாணமாகிப் போன அக்காவின் கையெழுத்து இல்லாத, பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். 30 வருஷ வில்லங்கச் சான்றோடு வாரிசுச் சான்றையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

என் ஓட்டு இப்படி: மாதச் சம்பளம் நிலையாக வருகிறவர்கள், வங்கிக் கடன் கிடைத்தால், சின்னதாக இருந்தாலும் ஊருக்குள் பழைய வீடு. கடன் கிடைக்காதவர்கள், அப்ரூவல் பெற்ற காட்பாடிப் பக்க மனை, அதுவும் பஸ் போகிற ரோட்டிலிருந்து நடக்கிற தூரத்தில். கடலோர மனையை ஏற்கெனவே சொந்த வீடு இருக்கிறவர்களும் அந்தப் பக்கம் சொந்தபந்தம் இருக்கிறவர்களும் வாங்கட்டும்.

எதை வாங்கினாலும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று தனியே எடுத்து வைக்க வேண்டும். 10 லட்சத்துக்கு 90,000 ரூபாய். 10 லட்சத்துக்குள் அடங்கும் சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. காட்பாடிப் பக்கத்துச் சின்ன மனை அதற்குள் அடங்கினால் வீட்டுக்கார அம்மா பெயரிலேயே எழுதிவிடுங்கள்.