பசி எடுக்காத குழந்தைக்குச் சீன மருத்துவம்: கஷாயமா, நீவலா, ஊசியா?

உணவைக் கண்டாலே முகம் திருப்பும் குழந்தையைப் பரிசோதிக்கும் சீன மரபு மருத்துவர், முக்கியமாக நாக்கையும் மலத்தின் தன்மையையும் கவனிப்பார். நாக்கில் தடித்த பூச்சு, வயிற்று உப்புசம், புளித்த ஏப்பம் ஆகியவை இருந்தால் உணவு தேங்கியிருக்கிறது என்பார். முகம் வெளிறி, உடல் மெலிந்து, மலம் இளகிப் போனால் மண்ணீரல் வலுவிழந்திருக்கிறது என்பார். அம்மருத்துவத்தில் மண்ணீரல் என்பது செரிமானத் திறன் முழுவதையும் குறிக்கும்.

இந்த வேறுபாட்டுக்கு நேராகப் பதில் சொல்வது கஷாயமே. தேக்கத்துக்கு, 14ஆம் நூற்றாண்டின் சீன மருத்துவர் ஜூ தான்ஷி வகுத்த 'பாவ் ஹெ' மருந்து தரப்படுகிறது. ஷான்சா என்னும் சிவப்புப் புளிப்புப் பழம், முள்ளங்கி விதை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல் முதலியவை அதில் சேரும். வலுவின்மைக்கு, சீனாவின் சோங் அரசமரபுக் காலக் குழந்தை மருத்துவர் சியென் யியின் மருந்து தரப்படுகிறது. 1119இல் தொகுக்கப்பட்ட அவரது நூலில் உள்ள அம்மருந்தில் ஜின்செங் வேர், அதிமதுரம், ஆரஞ்சுத் தோல் ஆகியவை உண்டு. தேக்கத்தைக் கரைக்கும் மருந்தை வலுவற்ற குழந்தைக்குத் தொடர்ந்து கொடுத்தால் மேலும் தளர்ச்சி வரும் என்று அம்மரபே எச்சரிப்பதால், இரண்டையும் பெற்றோர் தாமாகத் தேர்ந்து கொடுக்கலாகாது. அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரவும் பொட்டாசியம் குறையவும் கூடும். சோற்றையே மறுக்கும் பிள்ளை கசப்புக் கஷாயத்தைக் குடிக்குமா என்பதும் சிறிய கேள்வி அன்று.

நீவலில் இந்தச் சிக்கல்கள் இல்லை. குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, வால் எலும்பிலிருந்து பிடரி வரை முதுகுத்தோலை இரு கைகளாலும் மெல்லக் கிள்ளி மடித்து உருட்டிக்கொண்டே மேலே செல்வார்கள். ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து முறை வரை இவ்வாறு செய்வது வழக்கம். தாயே கற்றுக்கொண்டு வீட்டில் தொடரலாம். தோலில் புண்ணோ இரத்தம் உறையாக் குறைபாடோ உள்ள குழந்தைக்கு இது கூடாது. இதன் பலனை ஆராய்ந்த சோதனைகளில் பல சிறியவை. உண்மை நீவலா, போலி நீவலா என்று சிகிச்சை பெறுவோருக்குத் தெரியாமல் சோதனையை நடத்துவதும் கடினம் என்பதால், நிரூபிக்கப்பட்ட சிகிச்சை என்று இதைச் சொல்ல இயலாது. ஆயினும் மற்றபடி நலமாக உள்ள குழந்தைக்கு, தீங்கு மிகக் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகவே நான் நீவலை முதலில் வைக்கிறேன்.

கட்டைவிரல் தவிர்ந்த நான்கு விரல்களின் உட்புற நடு மடிப்பில் ஊசியால் குத்தி, மஞ்சள் கலந்த வெண்ணீரைப் பிதுக்கி எடுக்கும் முறை நாட்பட்ட மெலிவுக்கு உரியது. வலியும் தொற்று அபாயமும் உள்ள இம்முறையை, வெறும் சோற்று மறுப்புக்காக ஒரு சிறு குழந்தைக்குச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எந்த வழியை நாடினாலும், சாப்பாட்டுக்கு முன் குளிர்பானமும் இனிப்பும் தருவதை நிறுத்த வேண்டும் என்பதில் சீன மருத்துவரும் நவீன மருத்துவரும் ஒத்துப்போகிறார்கள். எடை குறைந்தாலோ, வளர்ச்சி நின்றாலோ, வாந்தியோ மலத்தில் இரத்தமோ தென்பட்டாலோ, இரும்புச்சத்துக் குறைவு, குடற்புழு, குடல் நோய் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளை இம்மூன்றுக்கும் முன்பாகவே குழந்தை மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டும்.