உதட்டுப் பிளவும் மூக்கும்: அறுவை இப்போதா, வளர்ந்த பிறகா?

உதட்டுப் பிளவோடு பிறக்கும் குழந்தையின் மூக்கும் பெரும்பாலும் தப்புவதில்லை. பிளவுள்ள பக்கத்தில் மூக்கு மடல் தட்டையாகி, துவாரம் அகன்று, நுனி சாய்ந்திருக்கும். உதட்டை 3 முதல் 6 மாதத்துக்குள் தைத்துவிடுவது வழக்கம். மூக்கைத் தொடுவது எப்போது என்பதில்தான் மருத்துவர்கள் பிரிகிறார்கள்.

'வளரட்டும், பிறகு பார்ப்போம்' என்பது பழைய கட்சி. பிஞ்சுக் குருத்தெலும்பைத் தொட்டால் மூக்கின் வளர்ச்சி நின்றுவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அறுவை மருத்துவர் ஹெரால்ட் மெக்கோம்ப் உதட்டைத் தைக்கும்போதே மடலின் குருத்தெலும்பைத் தோலிலிருந்து விடுவித்து, மேலே தூக்கித் தைத்தார். அந்தக் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, வளர்ச்சி தடைபடவில்லை என்றும் காட்டினார். அதே மயக்க மருந்தில் வேலை முடிகிறது என்பது பெரிய லாபம். ஆனால் தூக்கிய மடல் ஓரளவு மீண்டும் சரியலாம். மூக்குத் துவாரங்களைப் பிரிக்கும் வளைந்த நடுச்சுவரும் இதனால் முழுதாக நேராகிவிடாது.

அறுவைக்கு முன்பே வாயில் தகடு பொருத்தி மூக்கை மெல்ல உருவமைக்கும் முறை, நியூயார்க்கில் கிரேசன் குழுவினர் 1990களில் வளர்த்தெடுத்தது. நல்ல முறைதான். ஆனால் வாராவாரம் பஸ் ஏறி மருத்துவமனைக்கு வரவேண்டிய தாயின் கூலி இழப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பள்ளியில் சேர்க்கும் முன் இன்னொரு அறுவை? மூச்சு அடைத்தாலோ, கேலியால் குழந்தை ஒடுங்கிப்போனாலோ செய்யலாம். சும்மா அழகுக்கு என்றால் வேண்டாம் என்பேன். ஒவ்வொரு தழும்பும் அடுத்த அறுவையைக் கடினமாக்கும்.

முழுமையான திருத்தம் முக வளர்ச்சி முடிந்தபின்: பெண்களுக்கு 15 வயதையொட்டி, ஆண்களுக்கு 17ஐயொட்டி. நடுச்சுவரை நேராக்கி, தேவையானால் விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து நுனிக்கு முட்டுக் கொடுப்பார்கள். மேல்தாடையை முன்னே நகர்த்தும் அறுவையும் தேவைப்பட்டால் அதுதான் முதலில். தாடை நகர்ந்தால் மூக்கின் அடித்தளமே மாறிவிடும். பிள்ளை தன் முகத்தைப் பற்றித் தானே முடிவெடுக்கும் வயதும் அதுவே.

ஆகவே என் தேர்வு, உதட்டோடு ஒருமுறை, வளர்ந்தபின் ஒருமுறை. மத்திய அரசின் ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் உதட்டுப் பிளவுக்குச் சிகிச்சை உண்டு. வயது வரம்பு 18. ஆண் பிள்ளையின் கடைசி அறுவை அந்த எல்லையில் வந்து நிற்பதால், அதற்கு உதவி கிடைக்குமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.