நாலு வருடமாக என்னிடம் இருக்கும் பேசின் ரிஞ்ச்

எங்கள் வீட்டு வாஷ்பேசினில், பில்லர் டேப்பை (பேசின் மேல் நிற்கும் குழாய்) அடியிலிருந்து பிடித்திருக்கும் செக் நட் பீங்கானின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் நுழையும் சந்தில் இருக்கிறது. ஸ்பேனர் போட்டால் கால் சுற்றுகூடத் திரும்பாது. ஒழுகிய டேப்பை மாற்ற வந்த பிளம்பர், பேசினையே இறக்க வேண்டும் என்றார். பயந்துபோய், இந்த மாதிரிச் சந்தில் இருக்கும் நட்டைக் கீழிருந்து திருப்பும் பேசின் ரிஞ்ச் வாங்கினேன்.

நீளமான இரும்புக் கம்பி, மேல் முனையில் கொக்கி போலத் தாடை, கீழே குறுக்காக ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். தாடையை ஒரு பக்கம் சாய்த்தால் கழற்றலாம், மறுபக்கம் சாய்த்தால் முடுக்கலாம். முதல் நாள் நின்றபடியே கையை விட்டு, திசை குழம்பி, கழற்றுவதாக நினைத்து அரை மணி நேரம் முடுக்கிக்கொண்டிருந்தேன். மல்லாக்கப் படுத்து, கீழிருந்து பார்த்து, இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும்.

போர் தண்ணீர் வீடு என்பதால் நட்டைச் சுற்றி வெள்ளையாக உப்பு கட்டியிருந்தது. ஆங்கிள் காக்கை (பேசினுக்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வு) மூடிவிட்டு, வினிகரில் நனைத்த துணியை ராத்திரி முழுக்கச் சுற்றி வைத்தேன். காலையில் 'கறக்' என்று ஒரு சத்தம், அசைந்துவிட்டது.

இடையில் ஆசைப்பட்டு வாங்கிய பிளாஸ்டிக் ரிஞ்ச் ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக் நட்டுக்கு நன்றாகவே உட்கார்கிறது. பித்தளை நட்டில் இரண்டாவது தடவையே பல் மழுங்கிவிட்டது.

முடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். கைப்பிடி நீளமாக இருப்பதால் எவ்வளவு பலம் போகிறது என்று தெரிவதில்லை. சித்தி வீட்டில் இப்படித்தான், இன்னும் கொஞ்சம் என்று திருப்பி, பேசினில் மயிரிழை விரிசல் விழுந்தது. தப்பு என்னுடையதுதான். இப்போதெல்லாம் கையால் முடுக்கிவிட்டு, ரிஞ்சால் கால் சுற்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூன்றாம் வருடத்தில் தாடையின் ஸ்பிரிங் துருப்பிடித்தது. அது செத்தால் தாடை நட்டைப் பிடிக்காமல் தொங்குகிறது. தற்போதைக்கு ரப்பர் பேண்டு போட்டு ஓட்டுகிறேன். அப்புறம், பேசினின் கழிவுநீர் இறங்கும் வேஸ்ட் கப்ளிங்கின் பெரிய நட் இதன் வாய்க்குள் அடங்காது. அதற்கு வாயை அகலமாக்கிக்கொள்ளக்கூடிய வாட்டர் பம்ப் பிளையர்தான். சிங்கிள் லீவர் மிக்சர் (ஒரே கைப்பிடியில் சுடுநீரும் பச்சைத் தண்ணீரும் வரும் குழாய்) வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. அடியில் நீண்ட ஸ்டட்டில் (மரை போட்ட கம்பி) சின்ன நட் இருக்கும், குழாய் மாதிரி இருக்கும் நீளமான பாக்ஸ் ஸ்பேனர் போதும்.

வாங்குவதாக இருந்தால், கடையிலேயே தாடையை இரண்டு பக்கமும் பத்துத் தடவை சாய்த்துப் பாருங்கள். தொளதொளவென்றிருந்தால் வேண்டாம்.