8 கிலோவாட் பெல்லெட் ஸ்டவ்: சில குளிர்காலங்கள் எரித்த பிறகு

பெல்லெட் ஸ்டவ்வின் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்குவது) இக்னைட்டரை, அதாவது தீ பற்றவைக்கும் மின்பாகத்தை, மாற்றிய கையோடு எழுதுவதால் கொஞ்சம் காரம் தூக்கலாகவே இருக்கும். "8 கிலோவாட் வாங்கவா, 6 போதுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழுதாகிப்போன இக்னைட்டருக்கும் அந்தக் கேள்விக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஹாப்பர் (பெல்லெட் கொட்டிவைக்கும் தொட்டி) கொள்ளளவு, ரிமோட், வைஃபை எல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கின்றன. இங்கே பேச்சு அளவைப் பற்றி மட்டும்.

முதலில் பாராட்டு. நல்ல பெல்லெட் ஒரு கிலோவில் ஏறத்தாழ 4.8 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் உண்டு. ஸ்டவ்வின் திறன் 90 சதவீதம் என்றால் 4.3 யூனிட் வீட்டுக்குள் வரும். 8 கிலோவாட்டில் முழு வேகமாக எரிந்தால் மணிக்கு 1.85 கிலோ செலவு. 15 கிலோ மூட்டை எட்டு மணி நேரம் ஓடும். தீயைக் குறைத்து 2.4 கிலோவாட்டில் வைத்தால் மணிக்கு 0.55 கிலோதான், அதே மூட்டை ஒரு நாளைத் தாண்டியும் வரும். ஏ1 தரப் பெல்லெட்டில் சாம்பல் 0.7 சதவீதத்துக்குள் இருக்கும். ஒரு மூட்டை எரித்து முடித்தால் 100 கிராம் அளவுக்குத்தான் அள்ள வேண்டிவரும். வெளியே மைனஸ் 10 இருக்கும் நாளில் இந்த ஸ்டவ்வைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தீ மஞ்சளாக, நிமிர்ந்து, இடைவிடாமல் எரிகிறது. கண்ணாடி நாள் முழுக்கத் தெளிவாக இருக்கிறது.

தொல்லை மிதமான குளிரில் வருகிறது. குளிர்காலத்தில் பெரும்பாலான மணி நேரங்கள் மிதமானவைதான் என்பதால் தொல்லையும் பெரும்பாலான நேரம் கூடவே இருக்கிறது. வெளியே 8, 10 டிகிரி. ஸ்டவ் பற்றிக்கொள்கிறது, அரை மணியில் அறை சூடாகிவிடுகிறது, குறைந்த வேகத்துக்கு இறங்குகிறது. அதுவும் அறைக்கு அதிகம். அணைகிறது. புகையை வெளியேற்றி உள்ளே குளிரவைக்க விசிறி மட்டும் வெகுநேரம் ஓடுகிறது. அதற்குள் அறை குளிர்ந்து, மறுபடி முதலிலிருந்து. மூன்று பேருக்கு அண்டாவில் சோறு வைத்த கதைதான்.

ஒவ்வொரு பற்றவைப்பிலும் இக்னைட்டர் 300 வாட் அளவில் மின்சாரம் இழுத்து ஐந்து பத்து நிமிடம் செந்தணலாகக் கொதிக்கிறது. ஸ்டவ் எத்தனை மணி நேரம் எரிந்தது என்பது அதன் ஆயுளைத் தொடுவதில்லை. எத்தனை முறை பற்றவைத்தது என்பதுதான் தேய்க்கிறது. (செராமிக் இக்னைட்டர் சீக்கிரம் பற்றவைக்கும், நீடித்தும் உழைக்கும். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் என்றால் மாற்றும்போது அதையே போடலாம்.) பற்றும் நேரத்திலும் அணையும் நேரத்திலும் எரிதல் முழுமையாக இருக்காது. புகைக்கரி முழுவதும் கண்ணாடியிலும் வெப்பமாற்றிக் குழாய்களிலும் படிகிறது. கரி படிந்தால் வெப்பம் அறைக்கு வராமல் புகைக்குழாய் வழியே போய்விடும். விளம்பரத் தாளில் போட்ட 90 சதவீதம் தொடர்ந்து எரிகிற ஸ்டவ்வுக்கு உரியது. இப்படி அணைந்து அணைந்து எரிவதற்கு அது பொருந்தாது.

சரியான அளவு எப்படித் தெரியும்? பரப்பளவைச் சதுர மீட்டருக்கு 100 வாட் என்று பெருக்கும் வாய்பாட்டை விட்டுவிடுங்கள். அது வெப்பக்காப்பு இல்லாத பழைய வீடுகளுக்கு உரியது. சுவரும் கூரையும் நன்றாகக் காப்பிட்ட வீட்டுக்கு 40, 50 வாட்டே போதும். அந்த வாய்பாட்டிலேயே தாராளமான கையிருப்பு உண்டு. அதன் மேல் "எதற்கும் ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும்" என்று விற்பவர் வேறு ஒன்று சேர்ப்பார். விறகு அடுப்பில் அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது, இரவில் கட்டை போட ஆள் இல்லை. பெல்லெட் ஸ்டவ்வுக்கு ஆகர் எனும், பெல்லெட்டைத் தள்ளிவிடும் திருகு விடியவிடிய ஊட்டிக்கொண்டே இருக்கும்.

இதைவிட நம்பகமான வழி பழைய எரிபொருள் ரசீதுகளில் இருக்கிறது. ஒரு குளிர்காலத்துக்குச் சூடாக்க மட்டும் (வெந்நீர், சமையல் கழித்து) 12,000 யூனிட் எரிவாயு போனது, பாய்லரின் திறன் 90 சதவீதம் என்று வையுங்கள். வீட்டுக்குள் வந்தது 10,800 யூனிட். அந்தக் காலத்துக்கு உங்கள் ஊரின் டிகிரி-நாள் (ஒவ்வொரு நாளும் வெளி வெப்பநிலை ஓர் அடிப்படை அளவுக்கு எத்தனை டிகிரி கீழே என்பதைக் கூட்டிய எண்) 2,500 என்றால் அதை 24-ஆல் பெருக்க 60,000. 10,800-ஐ 60,000-ஆல் வகுத்தால் 0.18. அதாவது உள்ளும் புறமும் ஒரு டிகிரி வித்தியாசப்பட்டால் வீடு 0.18 கிலோவாட் இழக்கிறது. உள்ளே 20, வெளியே மைனஸ் 10 என்றால் 30 டிகிரி இடைவெளி: 5.4 கிலோவாட். ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் தேவைப்படும் உச்சம் இது. வெளியே 10 டிகிரி இருக்கும்போது தேவை 1.8 கிலோவாட்தான். வெயில் ஜன்னல் வழியே விழுந்தாலோ, சமையல் நடந்தாலோ அதுவும் குறையும்.

8 கிலோவாட் ஸ்டவ் எரிந்துகொண்டே இறங்கக்கூடிய அடிமட்டம் பெரும்பாலும் உச்சத்தின் 30 சதவீதம், ஆக 2.4. இந்த வீட்டுக்கு அது 13 டிகிரி இடைவெளிக்குச் சமம். வெளியே 7 டிகிரியைத் தாண்டினால் போதும், அணைந்து அணைந்து எரியத் தொடங்கிவிடும். 1.8-க்கு இறங்கும் 6 கிலோவாட் ஸ்டவ் 10 டிகிரி வரை தொடர்ந்து எரியும். மூன்று டிகிரிதானே என்று தோன்றும். இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் எத்தனை மணி நேரங்கள் அந்த மூன்று டிகிரிக்குள் விழுகின்றன என்று வானிலைப் பதிவைப் பார்த்தால் தெரியும்.

எனவே முகப்பில் பெரிதாக அச்சிட்ட எண்ணை விட்டுவிட்டு, குறைந்தபட்ச வெளியீட்டைக் கேளுங்கள். பெல்லெட் ஸ்டவ்வுக்கான ஐரோப்பியத் தரப்படி (முன்பு ஈ.என் 14785, இப்போது ஈ.என் 16510) சோதித்த ஸ்டவ்வின் ஆவணத்தில் உச்ச வெளியீடு, குறைந்த வெளியீடு இரண்டும் இருக்கும். ஒரே உடலை 6, 8, 10 என்று மூன்று பெயரில் விற்பதும் உண்டு. அப்போது அடிமட்டம் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கலாம். அடிமட்டம் ஒன்றே என்றால் 8 வாங்குவதில் நஷ்டமில்லை. விளம்பரத்தில் கிலோவாட்டுக்குப் பதில் பிடியூ என்ற வெப்ப அலகைப் போட்டிருந்தால் அது உள்ளே போகும் எரிபொருளின் கணக்கா, வெளியே வரும் வெப்பமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 40,000 பிடியூ உள்ளே போனால் 11.7 கிலோவாட், 80 சதவீதத் திறனில் அறைக்கு வருவது 9.4.

வீட்டுக்கு ஏற்ற கிலோவாட்டாக இருந்தாலும் ஸ்டவ் நிற்பது ஒரே அறையில். கூடத்தில் 24 டிகிரி, கடைசிப் படுக்கையறையில் 16. தெர்மோஸ்டாட் கூடத்தில் இருந்தால் கூடம் சூடானதும் அணைத்துவிடும். கதவுகளைத் திறந்து வைக்க முடியாத வீட்டில் அந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் மட்டும் கணக்கிடுங்கள், இல்லையேல் காற்றுக்குழாய் வைத்த மாடலுக்குப் போங்கள். தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டருக்கு அனுப்பும் வகையில், மொத்தத்தில் எவ்வளவு தண்ணீருக்கு, எவ்வளவு அறைக்கு என்ற பங்கீட்டைப் பார்க்க வேண்டும்.

பெரியதை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மெனுவுக்குள் மொத்த எரிந்த நேரத்தையும் பற்றவைப்பு எண்ணிக்கையையும் தேடுங்கள். பல மாடல்களில் இருக்கும். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒரு பற்றவைப்புக்குச் சராசரியாக மூன்று நான்கு மணி நேரம் வந்தால் கவலை வேண்டாம். ஒரு மணிக்கும் கீழே என்றால் ஸ்டவ் பெரிது, அல்லது அமைப்பு தவறு. கண்ணாடி கறுப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்: ஈரப் பெல்லெட், எரிகலத்தின் ஓட்டைகளை அடைத்த சாம்பல் கட்டி, கதவின் இடுக்கை அடைக்கும் கயிறு தளர்வது இவையும் கறுக்கவைக்கும். கதவுக்கு இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எளிதாக வழுக்கி வந்தால் கயிறு போய்விட்டது.

மறுபடி பற்றவைப்பதற்கான வெப்பநிலை இடைவெளியை அரை டிகிரியிலிருந்து 2 டிகிரிக்கு அகலப்படுத்துங்கள். மிதமான நாட்களில் நாள் முழுக்கத் தானியங்கியாக விடாமல், காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் நடுத்தர வேகத்தில் எரியவிட்டு அணைப்பது எவ்வளவோ மேல். தொடர்ந்து குறைந்த வேகத்தில் ஓடும் நாட்களில் தினமும் அரை மணி வேகத்தைக் கூட்டினால் படிந்த கரி ஓரளவு எரிந்துபோகும். வெளிச்சுவரில் போகும் புகைக்குழாய் இரட்டைச் சுவர்க் குழாயாக இருக்கட்டும். குளிர்ந்த ஒற்றைக் குழாயில் புகையின் ஈரம் நீராக இறங்கிக் கரியோடு குழையும்.

தொழில்நுட்ப மெனுவில் புகுந்து ஊட்டும் அளவை அடிமட்டத்துக்கும் கீழே இறக்கும் வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காற்றும் எரிபொருளும் பொருந்தாமல் தீ செத்துவிடும். எரிகலத்தில் பெல்லெட் குவிந்து புகை மூட்டம் நிறையும். அது திடீரெனப் பற்றினால் வெடிச்சத்தத்தோடு கதவே அதிரும்.

சிறியது வாங்கினால் குளிரில் நடுங்க வேண்டுமா? கடுங்குளிரில் முழு வேகத்தில் ஓடும், விசிறி இரையும், மூட்டை சீக்கிரம் தீரும். அந்தச் சில நாட்களுக்கு 1.5 கிலோவாட் மின் ஹீட்டர் ஒன்றைத் துணைக்கு வைத்தால் தீர்ந்தது.

மைனஸில் இந்த ஸ்டவ்வுக்கு 5-க்கு 5 கொடுப்பேன். சராசரி போடும் மனநிலை இன்றைக்கு இல்லை, அதனால் மொத்தமாக 2. வேறு ஸ்டவ் மாற்றுவேனா என்றால், மாட்டேன். அந்த மைனஸ் நாட்களின் தீயை விட மனசில்லை. நண்பருக்குப் பதில்: 6. அதிலும் அடிமட்டம் 2-க்கு மேல் என்று ஆவணம் சொன்னால் அடுத்த மாடலைப் பாருங்கள்.