மார்க்கை மெஷின் போடணுமா, பக்கத்து சீட்டு போடணுமா?

மூணு மாசத்துல ப்ரோக்ராமிங் கத்துக்குடுக்கற ஒரு முழுநேர கோர்ஸ்ல கொஞ்ச நாள் மென்டரா இருந்தேன். மார்க்கு முழுக்க மெஷின்தான். எழுதின ப்ரோக்ராம் கோடை சப்மிட் பண்ணா பத்து டெஸ்ட் ஓடும், எத்தனை பச்சையோ அத்தனை மார்க், அவ்ளோதான். ஒரு தடவ பைத்தான் லாங்குவேஜ்ல பேலிண்ட்ரோம் கணக்கு குடுத்தோம், திருப்பிப் போட்டாலும் அதே வார்த்தை வருதான்னு பாக்கற ஃபங்ஷன். டெஸ்ட்ல ஏழு இங்கிலீஷ், மூணு தமிழ்: விகடகவி, தேருவருதே, மோருபோருமோ. ஒரு பையன் பத்துக்குப் பத்து. கோடைத் திறந்து பாத்தா திருப்பிப் போடற வேலையே இல்ல, "விகடகவி"ன்னு வந்தா ட்ரூ, "தேருவருதே"ன்னு வந்தா ட்ரூன்னு வரிசையா இஃப் போட்டு வச்சிருக்கான், ஏன்னா டெஸ்ட் ஃபைல் அவன் ஃபோல்டர்லயே கெடந்துச்சு. ஒழுங்கா திருப்பிப் போட்டு எழுதின பொண்ணுக்கு ஏழு.

அன்னைலருந்து எந்த ஊர்ல எப்படி மார்க் போடறாங்கன்னு தோண்டிப் பாக்கறது எனக்கு ஒரு வியாதி மாதிரி ஆயிடுச்சு.

மொதல்ல நம்ம என்பிடெல், ஐஐடிங்க நடத்தற ஆன்லைன் கோர்ஸ். அந்தப் பையன் பண்ண வேலை அங்க நடக்காது. ப்ரோக்ராமிங் அசைன்மென்ட்ல கொஞ்சம் டெஸ்ட் கேஸ் கண்ணுக்குத் தெரியும், மீதி ப்ரைவேட், டெட்லைன் முடிஞ்சப்புறம்தான் அதுல எவ்ளோ தேறுச்சுன்னு தெரியும். பொதுவா அசைன்மென்ட்டுக்கு 25, நேர்ல போய் எழுதற பரீட்சைக்கு 75. ஆயிரக்கணக்குல ஆளுங்க சேர்ற எடத்துல இத விட்டா வேற வழி இல்ல, ஒத்துக்கறேன். ஆனா கோடு எவ்ளோ அசிங்கமா இருந்தாலும் அவுட்புட் வந்தா முழு மார்க், யாரும் அதைத் திறந்துகூட பாக்கப் போறதில்ல.

ஹார்வர்ட் யுனிவர்சிட்டியோட ஆரம்ப கம்ப்யூட்டர் கோர்ஸ் சிஎஸ்50, இந்த எடத்துல கொஞ்சம் யோசிச்சிருக்காங்க. செக்50ன்னு ஒரு டூல், கோடு சரின்னா டெர்மினல்ல பச்சைல சிரிக்கற மூஞ்சி, தப்புன்னா செவப்புல அழுவுற மூஞ்சி. வரி தள்ளி எழுதிருக்கியா, எடம் விட்டிருக்கியான்னு பாக்க ஸ்டைல்50. அதோட நிக்காம கேம்பஸ்ல பல வருஷம் ஒரு கணக்கு வச்சிருந்தாங்க: சரியா ஓடுதாங்கறதுக்கு வெயிட் 3, எவ்ளோ நல்லா யோசிச்சு எழுதிருக்கங்கற டிசைனுக்கு 2, ஸ்டைலுக்கு 1, இந்தக் கூட்டுத்தொகைய கேட்டதுல எவ்ளோ தூரம் பண்ணிருக்கங்கற ஸ்கோரால பெருக்கணும். பெருக்கல்ங்கறதுதான் இதுல கில்லாடித்தனம், பாதி வேலைய அழகா முடிச்சுட்டு அழகுக்கு மட்டும் மார்க் வாங்கித் தப்பிக்க முடியாது. டிசைனுக்கு மனுஷன் உக்காந்து பாக்கணும், அங்க அதுக்கு டீச்சிங் ஃபெல்லோ கூட்டமே இருக்கு. நம்ம மாதிரி வீட்லருந்து ஆன்லைன்ல ஃப்ரீயா படிக்கறவனுக்கு? பச்சை மூஞ்சி சிரிக்கும், அதோட சரி. இன்னொண்ணும் சொல்லணும், காப்பி அடிச்சவன் 72 மணி நேரத்துக்குள்ள தானா வந்து ஒத்துக்கிட்டா விஷயத்த யுனிவர்சிட்டி வரைக்கும் கொண்டு போகாம கோர்ஸ் அளவுலயே முடிச்சுக்கலாம்னு ஒரு ரூல் வச்சிருக்காங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சது, ராத்திரி ரெண்டு மணிக்கு எவன் எவ்ளோ யோக்கியம்னு எனக்கும் தெரியும்.

இதுக்கெல்லாம் நேரெதிர் பாரிஸ்ல 2013ல ஆரம்பிச்ச 42ங்கற ப்ரோக்ராமிங் ஸ்கூல். வாத்தியாரே கெடையாது. சேர்றதுக்கு முன்னாடி பிசீன்னு நாலு வாரம், ஃப்ரெஞ்சுல நீச்சல் குளம்னு அர்த்தம், பேருக்கேத்த மாதிரி தள்ளி விட்டுட்டு நீயே நீந்துன்னுதான் விடுவாங்க. சி லாங்குவேஜ். நார்ம்னு ஒரு சட்டம், ஒரு ஃபங்ஷன் 25 வரிக்கு மேல போகக்கூடாது, ஃபார் லூப்பே போடக்கூடாது. மூலினெட்ங்கற மெஷின் திருத்தும், ஈஸியான கணக்கு தப்பாயிட்டா அதுக்கப்புறம் இருக்கற கஷ்டமான கணக்கு சரியா இருந்தாலும் சேத்துக்காது. காப்பி அடிச்சா மைனஸ் 42, சைபர்கூட இல்ல.

ஆனா எனக்கு அங்க பிடிச்சது மெஷின் இல்ல. உன் கோடை உன்ன மாதிரியே படிக்கற இன்னொருத்தன் பக்கத்துல உக்காந்து பாப்பான், இந்த வரி என்ன பண்ணுது, இந்த மெமரிய எங்க ஃப்ரீ பண்றன்னு கேப்பான், நீ வாயத் தொறந்து சொல்லணும். அடுத்தவன் கோடைத் திருத்தினா உனக்கு ஒரு பாயிண்ட், உன்னோடதத் திருத்தக் குடுக்க அந்தப் பாயிண்ட்ட செலவு பண்ணணும். அதனால அடுத்தவன் கோடைப் படிக்காம யாரும் ஓட்ட முடியாது, வேலைக்குப் போனப்புறம் நாம பாதி நாள் பண்றதே அதுதானே.

ஓட்டை இல்லையான்னா இருக்கு. மொய் எழுதற கதைதான். நீ எனக்கு நூறு போடு, நான் உனக்கு நூறு போடறேன்னு எந்த ஊர் பசங்களுக்கும் தோணும். அதனாலதான் பிசீன்ல கூட்டாளிங்க பாத்தப்புறமும் மூலினெட் ஒரு தடவ ஓடும், அது போடறதுதான் நிக்கும். வாரா வாரம் இன்டர்நெட் இல்லாம தனியா பரீட்சை வேற. இன்னொரு சிக்கல், கூச்ச சுபாவம் இருக்கறவங்களுக்கு தெரியாத ஆள் முன்னாடி பேசறது பெரிய தண்டனை, நல்லா எழுதிட்டு சொல்லத் தெரியாம முழிக்கற புள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

என்னக் கேட்டா, முப்பது நாப்பது பேர் இருக்கற கோர்ஸுக்கு என்பிடெல் மாதிரி ஒளிச்சு வச்ச டெஸ்ட், அத தாண்டினவங்களுக்கு 42 மாதிரி பத்து நிமிஷம் வாய்ப் பேச்சு. ஸ்டைலுக்கு மார்க்கே வேணாம், அத டூலே சரி பண்ணிடும்.

அந்தப் பொண்ணக் கூப்ட்டு உக்கார வச்சேன். பையன் "டெஸ்ட்தான் பாஸ் ஆயிடுச்சேண்ணா"ன்னதோட நின்னுட்டான், இவ தானாவே விகடகவியத் திருப்பி ப்ரிண்ட் பண்ணிப் பாத்தா. மொதல்ல ஒரு கொக்கி மட்டும் எழுத்தில்லாம தொங்குது, கடைசில "கிவ"ன்னு முடியுது. "அண்ணா, நமக்கு இது அஞ்சு எழுத்து, பைத்தானுக்கு ஏழு"ன்னா. வி-ல வ தனி, கொக்கி தனின்னு கம்ப்யூட்டர் வச்சிருக்கறத அவளே கண்டுபிடிச்சு, கொக்கி கொம்பு புள்ளி எது வந்தாலும் முன்னாடி எழுத்தோட ஒட்டிட்டு அப்புறம் திருப்பற மாதிரி கால் மணி நேரத்துல மாத்திட்டா. மூணு தமிழும் பச்சை. ஆனா டெட்லைன் முடிஞ்சு போச்சு, போர்ட்டல்ல அவளுக்கு இன்னமும் ஏழுதான்.