செம்பெயர்ச்சி: ஈர்ப்பாலா, விரிவாலா?

ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி; அது ஈர்ப்பாலும் வரும், பிரபஞ்சத்தின் விரிவாலும் வரும். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் அதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் இரண்டுமே எல்லா அலைநீளத்தையும் ஒரே விகிதத்தில்தான் நீட்டும். நிறமாலைக் கோடுகளை மட்டும் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது.

ஈர்ப்புச் செம்பெயர்ச்சி ஒளி புறப்படும் இடத்தின் சங்கதி, அங்குள்ள ஈர்ப்பை மீறி ஒளி வெளியேறும்போது வருவது. சூரியனில் அது அலைநீளத்தின் 10 லட்சத்தில் 2 பங்குதான். மாசி இரவில் பண்ணையில் நின்றால் தெற்கே உயரத்தில் மின்னும் சிரியஸுக்கு ஒரு வெண்குள்ளன் (எரிந்து முடிந்து ஒடுங்கிய நட்சத்திரம்) துணை உண்டு, அதில் இது விநாடிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகத்தில் விலகுவதற்குச் சமம். நட்சத்திரம் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இது அதிகரிக்காது.

விரிவால் வருவது வழியில் சேர்வது. தூரம் கூடக் கூட நீட்சியும் கூடும்; 1929இல் வானியலாளர் ஹபிள் காட்டிய தொடர்பு இதுதான்.

சரி, தொலைதூர விண்மீன் மண்டலங்களின் செம்பெயர்ச்சியையும் ஈர்ப்பாலேயே விளக்கலாமே? முடியாது. மையத்திலிருந்து வெளியே போகப் போக அடர்த்தி குறைகிற, நிலையாக நிற்கிற கோளத்தின் மேற்பரப்பில் ஈர்ப்புச் செம்பெயர்ச்சி 2ஐ, அதாவது அலைநீளத்தின் இரண்டு மடங்கு நீட்சியை, தாண்டாது என்று 1959இல் இயற்பியலாளர் புக்டால் நிறுவினார். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியோ செம்பெயர்ச்சி 10ஐத் தாண்டிய மண்டலங்களையே கண்டிருக்கிறது. எனக்கு இதைவிடப் பலமான வாதம் தெரியவில்லை.