ஆர்லாண்டோவுக்கு ஐந்து முறை: எங்கே தங்கினோம், காசு எங்கே போனது

அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறோம். 2014-இல் தொடங்கி 2024 வரை ஐந்து முறை, டிஸ்னி, யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காக்களைப் (பார்க்குகளை) பார்க்கக் காரிலேயே ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோ போய்வந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் தங்கிய இடம் வேறு, கூட வந்தவர்களும் வேறு. புதிதாகக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது "டிக்கெட் எங்கே மலிவாகக் கிடைக்கும்?" என்றுதான். டிக்கெட்டில் மிச்சம் பிடிக்க எனக்குத் தெரிந்து பெரிதாக வழி இல்லை. எங்கே படுக்கிறோம், எங்கே சாப்பிடுகிறோம், எத்தனை நாள் பார்க்குக்குப் போகாமல் இருக்கிறோம் என்பதில்தான் செலவு ஏறுகிறது, இறங்குகிறது. இது எனக்குப் பிடிபட மூன்று பயணம் ஆனது.

2014 அக்டோபரில் பெரியவனுக்கு இரண்டரை வயது. டிஸ்னியில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. அந்தச் சலுகை போவதற்குள் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். ஆர்லாண்டோ பக்கத்துக் கிஸிம்மியில் 192-ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பழைய ஹோட்டல், இரவுக்கு 49 டாலர், பார்க்குக்கு இலவச வேன் உண்டு என்று போட்டிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு வரவேண்டிய வேன் எட்டரைக்கு வந்தது. அப்புறம் இன்னும் மூன்று ஹோட்டல்களில் நின்று ஆள் ஏற்றியது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில் பார்க்கிங் ஒரு பக்கம், வாசல் வேறு பக்கம். நடுவே பெரிய ஏரி. 1971-இல் திறந்தபோதே அப்படித்தான் அமைத்தார்கள். காரில் வந்தாலும் சரி, வெளி ஹோட்டல் வேனில் வந்தாலும் சரி, ஏரிக்கு இந்தப் பக்கம் இறங்கி மோனோரயிலிலோ படகிலோ அக்கரை போக வேண்டும். நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி பத்தேகால். ஒரு மணிக்குப் பையனுக்குத் தூக்கம் வந்துவிட்டது. திரும்பும் வேன் ஐந்தரைக்குத்தான். வெயிலில், ஸ்ட்ரோலரில், நிழல் தேடித் தேடி அவனைத் தூங்கவைத்தோம். அவன் சரியாகத் தூங்கவில்லை, மாலை முழுக்க அழுதான். 49 டாலர் அறையால் மூன்று பேருக்கும் அரை நாள் போனது. அந்த அரை நாளின் டிக்கெட் காசைக் கணக்குப் போட்டால் அறை மலிவே இல்லை.

2017 பிப்ரவரியில் சின்னவள் கைக்குழந்தை. இந்த முறை அதே 192-இல், ஆனால் டிஸ்னி நுழைவுக்கு அருகில், சொந்தக் காரை நம்பித் தங்கினோம். அந்தச் சாலையோரம் முழுக்கத் தள்ளுபடி டிக்கெட் கடைகள். ஒன்றில் நிறுத்தினோம். இரண்டு டிக்கெட் ஏறக்குறைய பாதி விலைக்குத் தருகிறோம், காலையில் வந்து 90 நிமிடம் ஒரு விடுமுறைக் குடியிருப்பைச் சுற்றிப் பாருங்கள், உணவும் உண்டு என்றார்கள். ஒரே வீட்டில் ஆண்டுக்குச் சில நாள் தங்கும் உரிமையைப் பலருக்கு விற்கும் டைம்ஷேர் விற்பனை அது. 90 நிமிடம் நாலு மணி நேரம் ஆனது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து உட்கார்ந்தார்கள், விலை குறைந்துகொண்டே வந்தது, குழந்தை பசியில் கத்தியது. கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தோம். டிக்கெட் கிடைத்தது, ஆனால் ஒரு நாள் போனது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தக் கடைகளில் காரை நிறுத்தவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதே பயணத்தில் நல்லதும் நடந்தது. ரைடர் ஸ்விட்ச் என்று ஒரு வசதி உண்டு. கைக்குழந்தையோடு ஒருவர் வெளியே இருக்க, மற்றவர் வரிசையில் நின்று ஏறிவிட்டு வந்தபின், இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். காசு கிடையாது, வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேட்டால் போதும். பெரியவன் அப்போது 41 அங்குலம். வீட்டுச் சுவரில் அளந்துவிட்டே கிளம்பியிருந்தோம். செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குலம் போதும், ஏறினான். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 வேண்டும், கிடைக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். அதனால் அங்கே அழுகை இல்லை. உயரத்தை வீட்டிலேயே அளந்து பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவ்வளவு உதவுகிறது.

2019-தான் எங்களுக்குத் திருப்பம். ஜூன் மாதம், இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு சேர்ந்து, டேவன்போர்ட் பக்கம் நாலு படுக்கையறை வீடு ஒன்றை ஐந்து இரவுக்கு எடுத்தோம். அந்தப் பகுதியில் குடியிருப்புக் குடியிருப்பாக விடுமுறை வாடகை வீடுகள்தான். பின்னால் வலையடைத்த சின்ன நீச்சல் குளம், பூல் கதவைத் திறந்தால் கத்தும் அலாரம், துவைக்கும் இயந்திரம், முழுச் சமையலறை. விளம்பரத்தில் இரவுக்கு 140 டாலர். கட்டும்போது க்ளீனிங் ஃபீ 150 சேர்ந்தது. கிஸிம்மி இருக்கும் ஆஸியோலா கவுண்டியில் வாடகை மேல் வரி மட்டுமே 13.5 சதவீதம், டேவன்போர்ட் பக்கத்துக் கவுண்டி, இங்கேயும் வரி வலிக்கத்தான் செய்தது. கடைசித் தொகையைப் பார்க்காமல் எந்த வீட்டையும் ஒப்பிடாதீர்கள். குளிர்காலத்தில் போனால் பூலைச் சூடாக்கத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் போட்டும் இரண்டு குடும்பங்களுக்குப் பங்கு பிரித்தால், 192 ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிடக் குறைவாகவே வந்தது.

உண்மையான மிச்சம் அடுப்படியில். வீட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் இட்லி மாவு, ஒரு குக்கர், மிளகாய்ப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தோம். காலை ஆறரைக்கு இட்லி. பார்க்குக்குப் புளியோதரையும் தயிர் சாதமும் டப்பாவில். டிஸ்னி பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டைத் தடுப்பதில்லை. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் பாட்டில் வாங்கவும் தேவையில்லை, சாப்பாட்டுக் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் சும்மா தருவார்கள். உள்ளே நாலு பேர் ஒரு வேளை சாப்பிட்டால் 70, 80 டாலர் ஆகும் இடத்தில், நாங்கள் ஆளுக்கு ஒரு ஐஸ்கிரீமோடு நிறுத்திக்கொண்டோம். யுனிவர்சலில் இது செல்லாது. அங்கே தண்ணீர், சூடாக்கத் தேவையில்லாத சின்னத் தின்பண்டம், குழந்தை உணவு என்ற அளவோடு சரி. டப்பாச் சாதத்தை நம்பிப் போகாதீர்கள்.

ஜூன் மாத மழையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஆர்லாண்டோவில் மதியத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இடி மழை. மின்னல் வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் காலையில் வாசல் திறக்கும்போதே போய், ஒரு மணிக்கு வீடு திரும்பி, சாப்பிட்டுத் தூங்கி, மழை விட்டதும் பிள்ளைகளைப் பூலில் விட்டோம். ஒரு நாள் மட்டும் மாலை திரும்பிப் போய் வாணவேடிக்கை பார்த்தோம். மழைக்கோட்டை உங்கள் ஊரிலேயே டாலர் கடையில் வாங்கிவிடுங்கள்.

2022 ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பாவுக்கு 71, முழங்கால் வலி. மறுபடி வீடுதான் எடுத்தோம், ஆனால் தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை இருக்கிறதா என்று பார்த்து. வயதானவர்களோடு போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். படத்தில் அழகாக இருக்கும் வீடுகள் பலவற்றில் படுக்கையறை எல்லாம் மாடியில்.

ஆறு பேருக்கும் நாலு நாள் டிக்கெட் எடுக்க மனமும் இல்லை, காசும் இல்லை. அப்பா அம்மாவுக்கு ஒரே நாள், மேஜிக் கிங்டம் மட்டும். வாசலுக்குள்ளேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைத்தது. ஆனால் பார்க்கிங்கிலிருந்து அந்த வாசல் வரை வர அப்பா பட்ட பாடு எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது. அடுத்த முறை காரிலேயே ஒரு மடக்கு நாற்காலி வைத்திருப்பேன். உள்ளே போனபின் அம்மாவுக்குப் பிடித்தது ரைடு எதுவும் இல்லை. ஏரியைக் கடக்கும் படகைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் படகுக்கு டிக்கெட் கூட வேண்டாம்.

மறுநாள் பார்க் இல்லை. வார நாளாகப் பார்த்து அபாப்கா பக்கம் இருக்கும் வெக்கீவா ஸ்ப்ரிங்ஸ் மாநிலப் பூங்காவுக்குப் போனோம். நுழைவு காருக்கு 6 டாலர், ஆளுக்கு இல்லை. பூமிக்குள்ளிருந்து ஊற்று பொங்கி வருகிறது, ஆண்டு முழுவதும் தண்ணீர் சுமார் 22 டிகிரி செல்சியஸ், அடி தெரியும் தெளிவு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். "ஏப்பா, இதை விட்டுட்டு அங்க எதுக்கு வரிசையில நின்னோம்?" என்று கேட்டார். பிள்ளைகளும் அன்று முழுக்க ஒரு முறைகூட "போகலாம்" என்று சொல்லவில்லை. டிஸ்னியில் கார் நிறுத்த மட்டுமே 2024-இல் நாளுக்கு 30 டாலர் வாங்கினார்கள்.

மாலையில் டிஸ்னி ஸ்ப்ரிங்ஸ் கடைத்தெருவுக்கும் ஒரு நாள் போனோம். அங்கே பார்க்கிங் இலவசம், நுழைவும் இலவசம். அம்மா பேரப்பிள்ளைகளோடு இரண்டு மணி நேரம் சுற்றினார்.

சரி, டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே தங்கினால் என்ன? அதை 2024 பிப்ரவரியில் பார்த்தோம். நாலு பேர் மட்டும், பாப் செஞ்சுரியில் மூன்று இரவு. டிஸ்னியின் மலிவு வகை ஹோட்டல்களில் ஒன்று. வீட்டைவிட இரவு வாடகை கூடுதல்தான். ஆனால் அங்கே தங்குகிறவர்களுக்குப் பார்க்குகளில் கார் நிறுத்தக் கட்டணம் இல்லை, தினமும் எல்லாப் பார்க்குகளுக்கும் அரை மணி முன்னதாக உள்ளே விடுகிறார்கள், 2019 செப்டம்பரில் தொடங்கிய ஸ்கைலைனர் கேபிள் காரில், நடுவில் ஒரு முறை மாறி, எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் என்ற டிஸ்னியின் மற்ற இரண்டு பார்க்குகளுக்கும் போய்விடலாம். பேருந்தில் போனால் மேஜிக் கிங்டம் வாசலிலேயே இறங்கலாம், ஏரியைக் கடக்கும் வேலை இல்லை. முன்பு காசில்லாமல் கிடைத்த ஃபாஸ்ட்பாஸ் போய், 2021 அக்டோபரிலிருந்து வரிசையைத் தாண்டக் காசு வாங்கத் தொடங்கியபின், அந்த அரை மணிக்கு மதிப்பு அதிகம். வரிசை நீள்வதற்குள் இரண்டு பெரிய ரைடு முடிந்துவிடும். சமையல்தான் இல்லை. அறையில் சின்னக் குளிர்பதனப் பெட்டி உண்டு, அடுப்பு கிடையாது. காலைக்கு ரொட்டி, பால், பழம் வைத்துச் சமாளித்தோம். மூன்றாம் நாள் சின்னவள் சாம்பார் கேட்டாள்.

நாலாம் இரவுக்கு யுனிவர்சலின் ராயல் பசிஃபிக். விலையைக் கேட்டால் பட்ஜெட் பேச்சில் இதற்கு இடமில்லை என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள்: அந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் எல்லோருக்கும் யுனிவர்சல் ஸ்டூடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் இரண்டிலும் நீள வரிசையைத் தாண்டி ஏறவிடும் எக்ஸ்பிரஸ் பாஸ் சேர்த்தே வரும். வந்து சேரும் நாள், கிளம்பும் நாள் இரண்டுக்கும் செல்லும். ஒரே இரவு வாடகையில் நாலு பேருக்கு இரண்டு நாள் பாஸ். தனியாக வாங்கினால் அறை வாடகையைத் தாண்டிவிடும். அதனால் காலையிலேயே போய்ப் பதிவு செய்து, பாஸ் வாங்கிக்கொண்டு பார்க்குக்குப் போனோம். அறைக்கு மாலையில்தான் வந்தோம். மூன்று நாளில் பார்க்க வேண்டியதை இரண்டு நாளில் நிதானமாகப் பார்த்தோம். விலையுயர்ந்த அறை எங்களுக்கு மலிவாக முடிந்தது அந்த ஒரு முறைதான்.

பயணத்தைப் பற்றிச் சுருக்கமாக: எங்கள் வீட்டிலிருந்து சுமார் 450 மைல், ஐ-75-இல் வைல்ட்வுட் வரை, அங்கிருந்து டர்ன்பைக் என்ற டோல் சாலை. டோல் காசைத் தானாகக் கழிக்கும் ஜார்ஜியாவின் பீச் பாஸ் ஃப்ளோரிடா டோல்களிலும் செல்லும். எல்லை தாண்டியதும் வரும் ஃப்ளோரிடா வரவேற்பு மையத்தில் ஆரஞ்சுச் சாறு இலவசமாகத் தருவார்கள், பிள்ளைகள் அதற்காகவே விழித்திருப்பார்கள்.

யாருக்கு எது என்று கேட்டால், ஐந்து வயதுக்குள் பிள்ளை, மதியத் தூக்கம் உண்டு என்றால் பார்க்குக்குப் பக்கத்தில் இருப்பதுதான் முக்கியம், அறை எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை. பெரியவர்களோ இன்னொரு குடும்பமோ கூட வந்தால் வீடு, அதில் சந்தேகமே இல்லை. நாலு பேர், பிள்ளைகள் வளர்ந்தவர்கள், நாள் குறைவு என்றால் வளாகத்துக்குள்ளே. பத்து வயதானால் டிஸ்னியில் பெரியவர் டிக்கெட் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். வித்தியாசம் மிகக் கொஞ்சம், அதற்காகப் பயணத்தை முன்னால் இழுக்க வேண்டாம்.

2025 மே மாதம் யுனிவர்சலின் புது பார்க்கான எபிக் யுனிவர்ஸ் திறந்ததிலிருந்து பிள்ளைகள் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். ராயல் பசிஃபிக் பாஸ் அங்கே செல்லாது. அதனால் இந்த முறை மறுபடி வீடு எடுத்து, அதற்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கலாம் என்று இருக்கிறோம். போன வாரம் ஊருக்குப் பேசும்போது அப்பா பார்க்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அந்த ஊத்துக்குப் போவீங்கள்ல?" என்றார். திட்டத்தில் முதலில் எழுதி வைத்திருப்பது அந்த நாளைத்தான் என்று சொன்னேன்.